உருளைக்கிழங்கு ஐஸ்கிரீம்

மிக்ஸி மூடியைத் திறந்ததும் பெயிண்டருக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

வேகவைத்த உருளைக்கிழங்கு நாலே சுற்றில் பசையாகிக் கிடந்தது. கரண்டியைத் தூக்கினால் அதுவும் கூடவே எழுந்து, மனசே இல்லாமல் அறுந்து விழுந்தது. இருபது வருடமாகச் சுவருக்குப் பட்டி பார்க்கிறவன் அவன். இந்தப் பதத்தில் பட்டி கிடைத்தால் எந்த வெடிப்பையும் அடைத்துவிடலாம்.

"தம்பி, என்ன வேணா பண்ணு, மிக்ஸில மட்டும் போட்றாத. பசையாயிடும். நாய்கூட மோந்து பாக்காது" என்று மாடி வீட்டு அக்கா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

அக்கா ஓட்டலில் சமையல் வேலை பார்க்கிறவள். பால், வெண்ணெய் எதுவும் ஒரு சொட்டுக்கூடச் சேர்க்காமல் மசித்த கிழங்கை வழவழவென்று கொண்டுவரத் தெரிந்தவள். கிழங்கைச் சூடு ஆறுவதற்குள் சல்லடையில் தேய்க்க வேண்டும். அரைத்த முந்திரி, நல்ல எண்ணெய், கிழங்கு வெந்த தண்ணீரில் கொஞ்சம் எல்லாம் சேர்த்து மரக்கரண்டியால் நிதானமாகக் கிளற வேண்டும். பூண்டு போடுவதானால் கிழங்கோடு சேர்த்தே குழைய வேகவிட வேண்டும்.

அவள் சொன்னதில் ஒன்றையும் அவன் மறக்கவில்லை. ஒவ்வொன்றையும் தலைகீழாகச் செய்துகொண்டிருந்தான்.

கிழங்கை வேண்டுமென்றே அடிபிடிக்க விட்டிருந்தான். நன்றாக ஆறிய பிறகுதான் மிக்ஸியில் போட்டான். முந்திரியை அதன் கண்ணில் காட்டவே இல்லை. இப்போது நான்கு பல் பச்சைப் பூண்டை நசுக்கிப் போட்டு, அதன் தலையில் இரண்டு கரண்டி சர்க்கரையையும் கொட்டினான். வயிற்றைக் கெடுக்கிற எதையும் சேர்க்கவில்லை. கெட வேண்டியது வாய் மட்டும்தான்.

விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்தான். அடுத்த நொடி ஓடிப்போய்த் தொட்டியில் துப்பினான். தீய்ந்த வாடையும் பூண்டின் காட்டமும் அந்தத் தித்திப்பும் ஒன்றாகச் சேர்ந்து, மூன்று தடவை கொப்பளித்தும் அண்ணத்தை விட்டு இறங்கமாட்டேன் என்றன. சே, மனுஷன் தின்பானா இதை!

அவனுக்கு வேண்டியதும் அதுதான்.

ஆறு வயது மகளுக்குப் பால் ஆகாது. ஆகாது என்றால் வயிற்றுவலியோடு போகிற சங்கதி இல்லை, தொண்டை அடைத்துக்கொள்ளும். பத்து நாளைக்கு முன்னால் பள்ளிக்கூட வாசலில், தோழியின் கையில் உருகி வழிந்த ஐஸ்கிரீமை ஒரு சொட்டு நக்கிவிட்டாள். என்ன ருசி என்று தெரிவதற்குள் முகம் வீங்கி, உதடு நீலம் பாரித்துவிட்டது. இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் அவள் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு அவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள்.

வீட்டுக்கு வந்த அன்றைக்கே மறுபடியும் ஆரம்பித்துவிட்டாள். ஒரே ஒரு வாய் போதுமாம். கெஞ்சினான், அதட்டினான், வேறு வழி இல்லாமல் செத்துப்போய்விடுவாய் என்றுகூடச் சொன்னான். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "சாப்பிட்டுட்டுத்தானேப்பா?" என்று கேட்டாள்.

அன்றைக்கு முடிவு செய்தான். அந்த ஆசையை வேரோடு பிடுங்கிவிட வேண்டும். ஐஸ்கிரீம் என்ற பேரைக் கேட்டாலே அவளுக்கு ஓங்கரித்துக்கொண்டு வர வேண்டும்.

பசையை இரண்டு உருண்டையாக உருட்டி, காகிதக் கப்பில் வைத்து, ஃப்ரீசரில் விறைக்க விட்டு எடுத்தான். மேலே ஒரு பொட்டு ஜாம். பார்வைக்குக் கடையில் விற்பது தோற்றுப்போகும். அந்த அழகைப் பார்த்தபோது அவனுக்குத் தன் மேலேயே அருவருப்பு தட்டியது.

பால் சேர்க்காத ஐஸ்கிரீம் என்று சொல்லி அவள் கையில் கொடுத்தான்.

அவள் கத்தவில்லை, குதிக்கவில்லை. கப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு ஒரு கரண்டி நிறைய அள்ளி வாயில் போட்டாள்.

முகம் கோணியது. கண்ணில் தண்ணீர் முட்டியது. தோள் இரண்டும் உதறிக்கொண்டன.

"துப்பிடு குட்டி, துப்பிடு" என்று அவள் மோவாய்க்குக் கீழே கையை ஏந்தினான்.

அவள் தலையை ஆட்டிவிட்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கினாள்.

இரண்டாவது கரண்டி. மூன்றாவதில் ஓங்கரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு அதையும் உள்ளே தள்ளினாள். கன்னத்தில் ஒட்டியிருந்ததைக்கூட விரலால் வழித்துச் சாப்பிட்டாள். போதும் என்று கப்பைப் பிடுங்கப் போனான்.

அவள் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"நல்லாவே இல்லப்பா" என்றாள். "ஆனா பாதில விட்டா கணக்குல வராது. முழுசா சாப்பிட்டாத்தான் ஸ்கூல்ல சொல்ல முடியும், நானும் ஐஸ்கிரீம் சாப்பிட்டிருக்கேன்னு."

மறுபடியும் மூக்கைப் பிடித்துக்கொண்டு கரண்டியை உள்ளே விட்டாள்.