ஒரு தடவை இந்தப் பக்கம்

பக்கத்திரையின் மறைவில் நின்று டீச்சரும் ஆடிக்கொண்டிருந்தாள்.

மேடையில் ஐந்தாம் வகுப்புப் பெண்கள். யாருக்காவது அடி மறந்தால் ஓரக்கண்ணால் டீச்சரைப் பார்த்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். அதற்காகத்தான் ஆண்டு விழாதோறும் இப்படி, கூட்டத்துக்குத் தெரியாமல் ஓர் ஆட்டம்.

முன்வரிசை நடுவில் மௌனிகா.

மௌனிகா இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. பாட்டு கேட்ட இடத்தில் கை. கேட்ட இடத்தில் கால். கண்கள் மட்டும் கூட்டத்தின் தலைகளுக்கு மேலே, தூரத்துச் சுற்றுச்சுவரில்.

சொல்லிக்கொடுத்தபடியே.

"கூட்டத்துல யாரையும் பாக்கக் கூடாது. பாத்தா அடி போயிரும்." பயிற்சியில் டீச்சர் தினமும் இதைச் சொன்னாள். போன வருடம் ஒரு குழந்தை தன் அம்மாவைக் கண்டு கையசைத்தது. பக்கத்திலிருந்தவளும் அசைத்தாள். வரிசை முழுக்கக் கையசைப்பாகி ஆட்டம் நின்றே போனது. தலைமையாசிரியர் மைக்கிலேயே சிரித்தார். அந்தச் சிரிப்பு இன்னும் அவளுக்கு ஆறவில்லை.

இந்த வருடம் ஒரு பிசிறு இல்லை.

ஆனாலும் அவள் கண் மேடையில் நிற்கவில்லை.

மைதானத்தின் ஓரம், புங்க மரத்தடியில், நிற்கிற ஆண்களுக்கு நடுவே காக்கிச் சட்டை போட்ட ஒருவர்.

ஆட்டத்துக்குச் சற்று முன்புதான் அவர் மேடையின் பின்பக்கம் வந்திருந்தார். பெண் பிள்ளைகள் உடை மாற்றும் இடம். திரைக்கு வெளியே நின்றபடியே பேசினார். அவள் ஹேர்பின்னைப் பல்லில் கடித்துக்கொண்டு ஒருத்திக்குச் சவுரி முடிந்துகொண்டிருந்தாள்.

"மௌனிகாவோட அப்பாங்க டீச்சர். லோடு ஏத்தி வண்டி ரோட்டுல நிக்குது, இது முடிஞ்சதும் கிளம்பணும்ங்க. நான் வந்திருக்கறன்னு பாப்பாகிட்டச் சொல்லிப்போடுங்க. அந்தப் புங்க மரத்தடியில நிக்கறன். ஒரே ஒரு தடவ இந்தப் பக்கம் பாத்தாப் போதும்."

தலையசைத்தாள்.

மௌனிகா கொஞ்சம் தள்ளித்தான் நின்றாள், கைக்கண்ணாடியில் பொட்டைச் சரிசெய்துகொண்டு. காதில் விழவில்லை. டீச்சர் சொல்ல வாயெடுத்தாள். போன வருடத்துக் கையசைப்பு நினைவுக்கு வந்தது. நடுவில் நிற்கிற பிள்ளை. அவள் தேட ஆரம்பித்தால் வரிசையே தேடும்.

ஆடி முடித்ததும் சொல்லிக்கொள்ளலாம்.

அப்படித்தான் நினைத்தாள்.

இப்போது கடைசிச் சுற்று. மரத்தடியில் அந்தக் கை மெல்ல உயர்ந்தது. அசையவில்லை. தோள் வரைக்கும் வந்து அப்படியே நின்றது, பேருந்தை நிறுத்தலாமா வேண்டாமா என்று தயங்குகிறவரின் கை போல.

மௌனிகா சுழன்றாள். முகம் அவர் பக்கம் வந்தது.

கண்கள் அவர் தலைக்கு மேலே கடந்து போயின.

கை இறங்கியது.

பக்கத்திரைக்குள் டீச்சர் ஓர் அடியை விட்டாள். யாரும் பார்க்கவில்லை.

கைதட்டல் ஓயவே இல்லை. தலைமையாசிரியர் எழுந்து நின்று தட்டினார். அதற்குள் அவள் படியிறங்கிக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடியிருந்தாள். மரத்தடியில் வேறு யாரோ நின்றார்கள். சாலையில் ஒரு லாரி கியர் மாற்றும் சத்தம். தார்ப்பாய் கட்டிய முதுகு. சிவப்பு விளக்குகள்.

திரும்பி வந்தபோது மௌனிகா தேங்காய் எண்ணெயில் பஞ்சைத் தொட்டு முகப்பூச்சைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா வந்திருந்தாரு மௌனிகா. உன் டான்ஸப் பாத்துட்டுத்தான் போனாரு."

மௌனிகா துடைப்பதை நிறுத்தவில்லை.

"அம்மாவும் இப்படித்தாங்க மிஸ் சொல்லும். நீ தூங்குறப்ப வந்துட்டுப் போனாருன்னு."

பழகிப்போன குரல்.

இத்தோடு விட்டுவிடலாம். இன்னும் இரண்டு நாளில் பிள்ளை மறந்துவிடும். பிடித்த மிஸ் பிடித்த மிஸ்ஸாகவே இருக்கலாம்.

டீச்சர் அவள் அருகில் தரையில் உட்கார்ந்தாள்.

சொன்னாள். அவர் கேட்டதை, அவர் வார்த்தைகளிலேயே. தான் தலையசைத்ததை. சொல்லாமல் இருந்ததை. ஏன் என்று சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

பஞ்சு கன்னத்திலேயே நின்றது. முகத்தில் பாதி ரோஸ் பவுடர், பாதி அவள் நிறம்.

திட்டினால் தேவலை என்று இருந்தது. அழுதாலும் சரி.

"நெசமாலுமே வந்தாருங்களா மிஸ்?"

சிரித்தாள். சிரித்த முகமாக ஆடு என்று எத்தனையோ நாள் கெஞ்சியும் வராத சிரிப்பு.

"எங்க நின்னாருங்க?"

டீச்சர் கை காட்டினாள்.

மௌனிகா சலங்கை குலுங்க ஓடினாள். மேடையில் அடுத்த நாடகத்துக்கு மேசை நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார்கள். மரத்தடியில் நின்று மேடையைப் பார்க்க முயன்றாள். முன்னால் முதுகுகள். எக்கினாள். கால்விரலில் நின்றாள். அப்போதும் தெரியவில்லை போலிருக்கிறது. பின்னாலேயே வந்த டீச்சர், தூக்கிக் காட்டலாமா என்று தயங்கி நின்றாள்.

மௌனிகா திரும்பினாள்.

"எங்கப்பா உசரம்ங்க மிஸ். அவருக்கு நல்லாத் தெரிஞ்சிருக்கும்."