ராத்தா அனுப்பிய ஓவன்

“அந்த மூலைய விட்டுட்டீங்களே! ராத்தா கதவத் திறந்தா முதல்ல பாக்கிறதே அந்த மூலையத்தான்!”

மனைவி அஸ்கா போட்ட சத்தத்தில், ஓவனுக்குள் தோள்வரை நுழைந்திருந்த றிகாஸ் தலையை அவசரமாக வெளியே எடுத்து மேல் விளிம்பில் இடித்துக்கொண்டான்.

“மூலை பட்டியல்ல ஆறாவது. நான் இப்ப நாலுலதான் நிக்கிறேன்.”

“பட்டியலும் நீங்களும்! ரெண்டு மணிக்கு ராத்தா வந்துருவா.”

றிகாஸ் எண் போடாமல் எதையும் செய்யமாட்டான். கப்பல் கம்பனியொன்றில் கடிதம் எழுதும் வேலை. கேட்ட கேள்விக்கு ஒன்றும் குறையாமல் பதில் எழுதவேண்டும் என்று மாவனெல்லைப் பக்கத்துச் சின்னப் பள்ளிக்கூடமொன்றில் படித்தது இன்றும் கையை விட்டுப் போகவில்லை. உப்பு வாங்கக் கடைக்குப் போனாலும் ‘விடயம்: உப்பு’ என்று துண்டு எழுதுவான். நேற்று ஓவனின் கையேட்டில் ‘சுத்தம் செய்தலும் பராமரிப்பும்’ பகுதியை மூன்று தரம் வாசித்து, எண்ணெய் எங்கே தெறிக்கும், கண்ணாடியில் எந்தப் பக்கம் கறை பிடிக்கும் என்றெல்லாம் பதினொரு குறிப்பு எடுத்திருந்தான்.

ஓவன், அவனுடைய மூத்த சகோதரி ஸமீமா ராத்தா கட்டாரிலிருந்து அனுப்பியது. தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும் வகை. அது வந்து இரண்டு வருஷம். வெள்ளிக்கிழமை தவறாமல் அஸ்கா குடும்ப வட்ஸ்அப் குழுவில் கேக் படம் போடுவாள். ‘வெள்ளவத்தையில எங்கட அஸ்காவுக்கு நிகரா கேக் போட ஆளில்ல’ என்று ராத்தாவிடமிருந்து உடனே பதில் வரும்.

இப்போது ராத்தா விடுமுறையில் வந்து ஹெந்தளையில் தங்கை நப்லாவின் வீட்டில் நிற்கிறாள். நேற்று அழைத்துச் சொல்லிவிட்டாள்: “நாளைக்கு வாறேன். ஓவன எப்பிடி வெச்சீக்கிறீங்க எண்டு பாக்கணும். சரியில்லையெண்டா நப்லாக்குத் தூக்கிக் குடுத்துருவேன்.”

“ஓவன் போனா போகட்டும்,” என்றாள் அஸ்கா. “பேர் போனா, பெருநாளைக்கு எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு ஹெந்தளைக்குப் போற?”

றிகாஸ் கோப்பையில் கலந்து வைத்திருந்ததைப் பிரஷ்ஷில் தோய்த்து ஆறாவது குறிப்பை நிறைவேற்றினான்.

“இனி இருநூறுல அரை மணித்தியாலம் போடு. சூட்டுலதான் இது வேலை செய்யும்.”

அரை மணித்தியாலம் கழித்து அஸ்கா குனிந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். “எத்தன தரம் தேச்சும் பாக்கிற மாதிரி வருதில்லயே.”

“கண்ணாடிக்கு இன்னொருக்கா அடிப்பம்.”

ஜன்னலைத் திறந்ததும் கடல்காற்று உள்ளே வந்து, வீட்டு வாசத்தையெல்லாம் மாடிப்படிக்குத் தள்ளியது. மேல்வீட்டு ஜீவராணி எட்டிக் குரல் கொடுத்தாள்.

“அஸ்கா, என்னம்மா கருகுது?”

“ஓவன் வேலை, அக்கா!”

ஒன்று ஐம்பதுக்கே வாசல் மணி அடித்தது. ராத்தா கைப்பையைக்கூட வைக்காமல் நேரே சமையலறைக்குப் போனாள். ஓவன் கதவைத் திறந்தாள். அந்த மூலையிலேயே விரலை வைத்து ஓர் இழுப்பு இழுத்தாள். விரல் கரும்பழுப்பாக வந்தது.

அஸ்கா தரையைப் பார்த்தாள்.

“யா அல்லாஹ்! என்னடி இது? ரெண்டு வருஷமா ஒருக்காலும் துடைக்கல்லயா?”

“வாராவாரம் கேக் போடுறதுதானே ராத்தா... துடைக்க நேரமே கிடைக்கல்ல.”

ராத்தா சிரித்துவிட்டாள். “கேக் போடுற கைக்குத் துடைக்கத்தான் சோம்பல். இதுல தானாச் சுத்தம் பண்ற பட்டன் ஈக்குதே, அத அமத்தத் தெரியாதா? கதவு தானாப் பூட்டிக்கும். ஐந்நூறு பாகையில எல்லாம் சாம்பலாப் போயிரும். ஆறினதும் ஈரத்துணியால ஒரு துடை. இப்பவே போடுறேன் பாருங்க.”

இவ்வளவோடு தப்பினோமே என்று றிகாஸ் மூச்சு விட்டான்.

பட்டன்வரை போன விரல் நின்றது. “தட்டெல்லாம் எடுத்தாச்சா? உள்ள ஈந்தா சூட்டுல நிறம் கெட்டுரும்.”

“வெளியதான் ஈக்குது ராத்தா!” என்றான் றிகாஸ் பெருமையாக. “கையேடு, பக்கம் முப்பத்தொண்டு. பட்டியல்ல முதலாவதே அதுதான். சரி போட்டு வெச்சீக்கிறேன்.”

“அந்தத் தட்டையும் கொண்டு வா, பாப்பம்.”

அஸ்கா புருவத்தை உயர்த்தினாள், இருமினாள், அவன் காலையும் மிதித்தாள். றிகாஸுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஸ்டூலில் ஏறி, மேல் அலமாரியிலிருந்து தட்டுகளை இறக்கி ராத்தாவின் கையில் கொடுத்தான்.

இரண்டு தட்டும் கம்பனிப் பொலித்தீன் பைக்குள், ஒட்டிய டேப் கூடப் பிரியாமல் பளபளத்தன.

ராத்தா தட்டுகளைப் பார்த்தாள். தன் விரலைப் பார்த்தாள். பிறகு அதை மெல்ல நாக்கில் வைத்தாள்.

“நெய். கருக்கின சீனி. எத்தன மணிக்குடா பூசத் தொடங்கினீங்க?”

“ஒம்பதே காலுக்கு ராத்தா.”

“அப்ப, ரெண்டு வருஷமா நான் ஊர் முழுக்கப் புகழ்ந்த கேக்?”

கேட்ட கேள்விக்கு ஒன்றும் குறையாமல் பதில் சொல்லியே பழகிய றிகாஸ், பேக்கரியின் பெயர், அது இருக்கும் வீதி, வெள்ளிக்கிழமையில் அது திறக்கும் நேரம் ஆகிய மூன்றையும் வரிசையாகச் சொன்னான்.