எழுபத்தொண்ணு போட்டவர்

"மேடம், அந்த எழுபத்தொண்ணை மட்டும் பார்க்காதீங்க. அது என் பொண்ணோட மார்க்கே இல்ல. ஒரு கிறுக்கு வாத்தியாரோட கைவரிசை!"

சேர்க்கைக் குழுவின் தலைவி கண்ணாடிக்கு மேலாக அவரை ஏறிட்டுப் பார்த்தார். லேசில் இடம் கிடைக்காத கல்லூரி அது. மேஜையில், பள்ளியிலேயே திருத்திப் போட்டுக் கொடுத்த மகளின் மதிப்பெண் பட்டியல் கிடந்தது. எல்லாப் பாடத்திலும் தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றொன்பது. இயற்பியலில் மட்டும் எழுபத்தொன்று, வெள்ளைச் சட்டையில் மைக்கறை மாதிரி.

"வாத்தியார் அப்படி என்ன செஞ்சாரு?"

"என்ன செய்யல? விடை சரியா இருக்கும் மேடம். பக்கத்துல அலகு எழுத மறந்துட்டா போதும், மார்க்கை அப்படியே பிடுங்கிடுவான். தலைமையாசிரியரே கூப்பிட்டு, 'பிள்ளைங்க எதிர்காலம்யா, கொஞ்சம் பார்த்துப் போடு'ன்னு கெஞ்சினாரு. 'என் பேனாவுக்குப் பொய் எழுத வராது'ன்னு வசனம் பேசிட்டு வந்தான். பெரிய நியாயஸ்தன்!"

பக்கத்தில் மகள் தலையைக் குனிந்துகொண்டாள். அடக்குவது அழுகையா, சிரிப்பா என்று தெரியவில்லை.

"போதும்ப்பா" என்று முணுமுணுத்தாள்.

"நீ சும்மா இரு!" அவர் நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டார். "வீட்லயும் இதே லட்சணம்தான் மேடம். பொண்டாட்டி எழுதுற மளிகை லிஸ்ட்லகூட எழுத்துப்பிழைக்கு வட்டம் போடுற ஜென்மம். மத்த வாத்தியாருங்க யாரும் அவனோட உட்கார்ந்து சாப்பிடறதுகூட இல்ல."

"ரொம்பத்தான் தெரிஞ்சு வச்சிருக்கீங்க."

"எல்லாம் என் தலையெழுத்து. அந்த மண்டைக்கனம் பிடிச்சவனால என் பொண்ணுக்கு இந்த இடம் போச்சுன்னா..."

தலைவி பட்டியலை மூடி வைத்தார்.

"உங்க பள்ளிக்கூடத்துலேருந்து விண்ணப்பிச்ச எல்லாருக்குமே மத்த பாடத்துல தொண்ணூத்தெட்டு, தொண்ணூத்தொன்பதுதான். அள்ளி விட்டிருக்காங்க. அதை வச்சு நாங்க யாரைன்னு எடுக்கிறது? இயற்பியலுக்கு மட்டும்தான் யாரோ ஒருத்தர் விடைத்தாளைப் படிச்சுப் பார்த்து மார்க் போட்டிருக்காரு. அதுல உங்க பொண்ணுதான் முதல். எழுபத்தொண்ணைப் பார்த்துத்தான் கூப்பிட்டோம். இடம் கொடுத்தாச்சு."

அவர் நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"ஆனா சார், அப்படிப்பட்ட மனுஷரை வாய்க்கு வந்தபடி பேசிட்டீங்களே. அவர் காதுல விழுந்தா என்ன நினைப்பாரு?"

மகளால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது.

"விழுந்துக்கிட்டேதான் மேடம் இருக்கு. எங்களுக்கு இயற்பியல் எடுக்கிறதே அப்பாதான்!"