வைக்கோல் ஆள்

ரோபோ இரண்டாவது பொரி உருண்டையை எடுத்தபோது என் கை எழவில்லை.

எழ வேண்டும். அதுதான் என் வீட்டு வாசலின் சட்டம். பிள்ளைகள் வேஷம் போட்டு வீடு வீடாகத் தின்பண்டம் வாங்க வரும் ஹாலோவீன் மாலையில் சாக்கு முகமூடியும் வைக்கோல் திணித்த கோட்டும் மாட்டிக்கொண்டு, மடியில் கிண்ணத்தோடு பொம்மை மாதிரி உட்கார்ந்திருப்பேன். ஒன்று எடுக்கிறவர்களுக்கு நான் பொம்மை. இரண்டு எடுத்தால் லபக்கென்று மணிக்கட்டைப் பிடிப்பேன். அலறல் தெருமுனை வரை கேட்கும்.

ரோபோ வேஷம் போட்ட பையன் தன் அட்டைப்பெட்டிக்குள்ளிருந்து என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு மூன்றாவதையும் எடுத்தான்.

உட்கார்ந்து உட்கார்ந்து கை மரத்துப்போயிருக்கும் என்று நினைத்தேன். காலை அசைத்துப் பார்த்தேன். அதுவும் அசையவில்லை. "போடா திருட்டுப் பயலே" என்று சொல்லப் பார்த்தேன். நாக்கு ஈரத்துணி மாதிரி வாய்க்குள் கிடந்தது.

அப்போதுதான் பயம் வந்தது. என் அப்பாவுக்கும் இப்படித்தான் ஒரு பக்கம் விழுந்தது. சீக்கிரம் தூக்கிக்கொண்டு வந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னார்.

"டேய், ஆரின் கிழம் இன்னைக்குப் பிடிக்கலடா!"

ரோபோ என் பெயரைச் சொல்லிக் கத்தியது தெருவெல்லாம் பரவியது. பெட்ஷீட் பேய்களும் டாய்லெட் பேப்பர் சுற்றிய பிணங்களும் ஓடிவந்தன. கடைப் பொட்டலத்தைத் தவிர எதையும் வாயில் வைக்கக் கூடாது என்று பிள்ளைகளை மிரட்டி அனுப்பும் ஊர் இது. என் சோளப்பொரி உருண்டைக்கு மட்டும் விலக்கு. பாகு காய்ச்சி, உருட்டி, கண்ணுக்கு இரண்டு திராட்சை பதித்து நானே செய்வது. அள்ளிக்கொண்டு போனார்கள்.

எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள், யாராவது ஒருவர் என் கண்ணைப் பாருங்கள் என்று உள்ளுக்குள் கத்தினேன். கண் துளைகள் மிகச் சின்னவை. பார்வை வெளியே தெரியக் கூடாதென்று நானேதான் அப்படித் தைத்தேன்.

கிண்ணம் குறையக் குறையப் பயம் கூடியது. காலியானால் அப்புறம் யார் வருவார்கள்?

காலியானது.

பக்கத்து வீட்டு டெல்மார் படியேறி வந்தான். அவனைப் பார்த்ததும்தான் எனக்கு உயிர் வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் என் இருமலைக் கேட்டே காய்ச்சலா இல்லையா என்று சொல்லிவிடுகிறவன் அவன்.

"என்னடா, பேச்சே காணோம்?"

தோளில் தட்டினான். வைக்கோல் சரசரத்தது. நெஞ்சில் அழுத்தினான். அங்கேயும் வைக்கோல்தான்.

"அடப்பாவி, நிஜமாவே பொம்மையை வச்சிட்டு மக வீட்டுக்கு ஓடிட்டான் பாருங்க!" என்று தெருவைப் பார்த்துச் சிரித்தான். "வயசாயிடுச்சுல்ல."

விளக்கு எரிந்தால் பிள்ளைகள் காலிக் கிண்ணத்துக்காக வீணாகப் படியேறுவார்களே என்று நினைத்திருப்பான். கதவைத் திறந்து, கையை உள்ளே விட்டு, வாசல் விளக்கை அணைத்தான். நல்ல மனசு.

விளக்கு அணைந்த வீட்டுக்கு இன்று எந்தக் குழந்தையும் வராது. எங்கள் ஊரில் தவழ்கிற பிள்ளைக்குக்கூட அது தெரியும்.

குடைந்த பூசணிக்குள் மெழுகுவத்தி மட்டும் எரிந்தது. சிரிப்பும் கும்மாளமும் அடுத்த வீட்டுக்கு நகர்ந்தன. வாயோரம் எச்சில் வழிந்தது. துடைக்க முடியவில்லை. இத்தனை பேருக்கு நடுவில் சாகப்போகிறேன், காலையில் யாராவது என்னைக் குப்பை வண்டியில் ஏற்றக்கூடும் என்று தோன்றியது.

அப்போது நடைபாதையில் ஓர் அழுகுரல் கேட்டது.

எதிர் வீட்டு வில்லா. இன்னும் பள்ளிக்கூடம் போகாத வயது. காகிதப் பைகளை இறகு இறகாக வெட்டி ஒட்டி, அவளை ஆந்தையாக்கியிருந்தார்கள்.

"வெறும் பொம்மைடி, ஒண்ணும் பண்ணாது. அப்ப கூட எடுத்த ரெண்டாவது உருண்டையைப் போட்டுட்டு ஓடி வந்துடு" என்று அவள் அம்மா கீழேயிருந்து சொன்னாள்.

வில்லா விசும்பிக்கொண்டே இருட்டில் படியேறினாள். உருண்டையைக் கிண்ணத்தில் போட்டாள். ஆனால் ஓடவில்லை. கண்களை இறுக மூடிக்கொண்டு தன் மணிக்கட்டை என் முன்னால் நீட்டினாள்.

இரண்டு எடுத்தால் பிடிபட வேண்டும். அவள் பிடிபட வந்திருந்தாள்.

நான் பிடிக்கவில்லை.

அவள் ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். என் கையைத் தானே தூக்கித் தன் மணிக்கட்டின் மேல் வைத்தாள். அது வழுக்கி விழுந்தது. மறுபடி தூக்கினாள். இந்த முறை அவள் விரல்கள் கையுறைக்கும் சட்டைக்கும் நடுவே என் தோலில் பட்டன.

"அம்மா, பொம்மை சுடுது."

"என்னடி சொல்ற?"

"உள்ள தாத்தா இருக்காரும்மா. அவருக்குப் பிடிக்க வரல."

அவள் அம்மா ஓடிவந்து என் கையைத் தொட்டாள். அடுத்த நொடி போனை எடுத்தாள்.

ஆம்புலன்ஸ் சிவப்பு விளக்கைச் சுழற்றிக்கொண்டு வந்து நின்றது. என்னைத் தள்ளுபடுக்கையில் கிடத்திப் படியிறக்கியபோது தெருவே திரண்டு நின்றது. பேய்களும் பிணங்களும் கைதட்டின. விசில் பறந்தது.

"ஆம்புலன்ஸையே வரவழைச்சிட்டான்யா! இந்த வருஷம் கலக்கிட்டடா, ஆரின்!"

டெல்மார்தான் எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினான். வில்லாவின் அம்மா என்னவோ கத்தினாள். அந்த ஆரவாரத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

ஆம்புலன்ஸ்காரப் பெண் என் சாக்கு முகமூடியைக் கழற்றினாள். ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு தொங்கிய என் முகத்தில் வெளிச்சம் விழுந்தது.

கைதட்டல் முன்வரிசையில் நின்றது. பிறகு பின்னாலும் நின்றது. ரோபோ பெட்டிக்குள் தலையை இழுத்துக்கொண்டான். பேய்கள் அம்மாக்களின் பின்னால் ஒளிந்தன.

இந்தத் தெருப் பிள்ளைகளை ஒரு தடவையாவது நிஜமாகப் பயமுறுத்திவிட வேண்டும் என்றுதான் வருஷா வருஷம் அந்தச் சாக்கை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.