மென்ஸ்க்லி வீட்டு விருந்தாளி

தடித்த ஆங்கில அகராதி ஒன்றில் மென்ஸ்க்லி என்றொரு கிழச்சொல் குடியிருந்தது. ‘மரியாதையோடு’ என்று அதற்குப் பொருள். ராஜா வந்தாலும் பரதேசி வந்தாலும் ஒரு காலத்தில் அதைத்தான் கூப்பிடுவார்கள். பிறகு பிரான்சிலிருந்து அதே பொருள் கொண்ட ‘ஆனர்’ என்ற சொல்லின் குடும்பம் மிடுக்காக வந்து இறங்கியது. மென்ஸ்க்லியைக் கேட்பாரில்லை. ‘வழக்கொழிந்தது’ என்று பக்கத்திலேயே அச்சடித்தும் விட்டார்கள்.

ஒரு மழைக்காலத்தில் புத்தகப்பூச்சி ஒன்று அந்தப் பக்கத்துக்குள் நுழைந்தது.

“சீ, போ!” என்று மற்ற சொற்கள் கத்தின.

பூச்சி நேரே மென்ஸ்க்லியிடம் வந்தது. “உன்னை யாரும் தேட மாட்டாங்களாமே. உன்னைத்தான் திங்கப் போறேன்.”

மென்ஸ்க்லிக்குப் பயம்தான். ஆனால் அதற்கு வேறு விதமாகப் பேசத் தெரியாது.

“வாங்க, வாங்க. களைச்சுப்போய் வந்திருக்கீங்க, முதல்ல உட்காருங்க. என்னைத் தாராளமா சாப்பிடலாம். மைதான் கொஞ்சம் கசக்கும். ஓரத்துல வெள்ளைத் தாள் இருக்கு, அது நல்லா இருக்கும்.”

பூச்சி திகைத்தது. “என்னையா ‘வாங்க’ன்னீங்க?”

“வேற யார் வந்திருக்கா?”

பூச்சி கூச்சத்தோடு ஓரத்தில் ஒரு வாய் கடித்தது. “நாளைக்கும் வரலாங்களா?”

“இதென்ன கேள்வி! குடும்பத்தோட வாங்க.”

பக்கத்துச் சொற்களெல்லாம் தலையில் அடித்துக்கொண்டன.