கை இருந்த இடம்

அரியலூர் சாலையோரப் பழைய இரும்புக் கொட்டகையில் கோடாலி இறங்குகிறது. லாரி பேட்டரி பிளந்து, கறுத்த ஈயத் தகடுகளும் ஆசிட்டும் தரையில் சிதறுகின்றன. அறுபத்தெட்டு வயது மரியசூசையின் மீசையெல்லாம் ஈயத்தூசி. கழுத்தில் தொங்கும், மாதா படம் தைத்த உத்தரியம் வியர்வையில் நெஞ்சோடு ஒட்டிக் கிடக்கிறது. "சர்க்கரை பாதிக் கண்ணத் தின்னுடுச்சு, மீதிய இந்த ஈயம் விட்டுவைக்காது" என்று டாக்டர் சொன்னதற்கு, "எனக்கு எல்லாம் நல்லாத் தெரியுது" என்று கத்திவிட்டு வந்தவர் அவர். அன்றிலிருந்து மூன்று நாளாய் அவரோடு பேசாத மனைவி சகாயமேரி, சோற்றுத் தூக்கோடு உள்ளே வருகிறாள். சிமென்ட் லாரிகளின் உறுமலில் காலடி கேட்கவில்லை. அவர் அடுத்த பேட்டரியைக் காலால் தள்ளி நிறுத்துகிறார். வெட்டுங்க பார்ப்போம் என்பதுபோல் அவள் குனிந்து அதன்மேல் உள்ளங்கையை வைக்கிறாள். உச்சி வெயிலில் வளையல்கள் மின்னுகின்றன. அவர் அந்தக் கையை நேராகப் பார்க்கிறார். பார்த்துக்கொண்டே கோடாலியை ஓங்குகிறார். அப்போதுதான் அவளுக்கு உறைக்கிறது. வெடுக்கென்று இழுத்துக்கொள்கிறாள். கை இருந்த இடத்தில் பேட்டரி இரண்டாகிறது. தெறித்த ஆசிட்டில் அவள் முழங்கை தீயாய் எரிகிறது. "ஒரே போடு! எனக்கா கண்ணு தெரியல? பாத்தீங்களா முதலாளி?" என்று, முதலாளி வழக்கமாக உட்காரும் காலி நாற்காலியிடம் கேட்டுச் சிரித்து, மறுபடி ஓங்குகிறார்.

"ஒங்க முன்னாலதாங்க நிக்கிறேன்" என்கிறாள் சகாயமேரி.

தூக்கிய கோடாலியை எந்தப் பக்கம் இறக்குவதென்று தெரியாமல் அப்படியே நிற்கிறார்.