எந்த நேரமும் எங்கேஜ்

“அத்தான், நல்லூர்த் தேர்ச் சனத்துக்குள்ளை நுழையலாம். உங்கடை வீட்டுப் போனுக்குள்ளை நுழைய ஏலாது!”

படலையைத் திறக்கும்போதே மார்க்கண்டு தொடங்கிவிட்டார்.

வேலணையில் அவருடைய அக்கா அம்பிகையின் வீடு அது. அக்காவின் மகள் கம்சிகா கனடாவில். மூன்று மாதமாகத் தாயோடு கதைக்க முடியவில்லை என்று மாமனுக்குப் போன் எடுத்து அழுதிருந்தாள். எப்போது எடுத்தாலும் எங்கேஜ். எல்லாம் அத்தான் அரியநாயகத்தின் வேலை. விடிந்தால் இன்ரநெற், பொழுதுபட்டால் இன்ரநெற். இரண்டுக்கும் ஒரே லைன்; அது ஓடும்வரை போன் அடிக்காது.

கிழவர் இன்ரநெற்றுக்குள் தவறி விழுந்து, அம்பிகை வாளிக்கயிறு விட்டுத்தான் தூக்கினவ என்று சந்தியில் கதை. வாளியோடு நாலு வெள்ளைக்காரியும் மேலே வந்ததாகச் சிலர் சத்தியமே பண்ணினார்கள்.

“வேக லைன் யாழ்ப்பாண ரவுணுக்கு வந்திட்டுது. இனி வேலணைக்கும் தருவாங்களாம். இன்ரநெற் ஒரு பக்கத்தாலை ஓடும், போன் மற்றப் பக்கத்தாலை அடிக்கும். காசு கம்சிகா கட்டுறாள். ஒரு கையெழுத்து வைச்சாக் காணும்.”

“வேண்டாம், மார்க்கண்டு.”

“ஏன்?”

“அது பொல்லாத வேகமாம். பண்ணைப் பாலத்தாலை வந்து, வேலணையிலை பிறேக் பிடிக்க ஏலாமல் நேரை நயினாதீவுக் கடலுக்குள்ளை விழுமாம். பிறகு மீன்தான் ஈமெயில் வாசிக்கும்.”

“பகிடி விடாதேங்கோ. எழுபது வயசிலை அப்பிடி என்னத்தைப் பாக்கிறியள்?”

மார்க்கண்டு கொம்பியூட்டர்த் திரையை எட்டிப் பார்த்தார். வெறும் வெள்ளைப் பக்கம்.

“ஒண்டையும் பாக்காமலே பெத்த பிள்ளையின்ரை போனை மறிக்கிறியள்! இதைவிடச் சுயநலம் வேறை இருக்கே, அத்தான்?”

குனிந்து, கொம்பியூட்டரில் இருந்த வயரைப் பிடுங்கிப் போனில் கொழுவினார். “கம்சிகா விடாமல் அடிச்சுக்கொண்டுதான் இருப்பாள். இப்ப பாருங்கோ.”

“வேண்டாமெண்டு சொல்லுறனெல்லே! கழட்டும் அதை!”

போன் அடித்தது.

குசினியில் ஏதோ விழுந்து உடைந்தது. மாப் பூசிய கையோடு அம்பிகை ஓடிவந்தா. கதிரையில் முழங்கால் அடிபட்டதும் தெரியவில்லை.

“நிலக்ஷன்! ராசா, எங்கையடா நிக்கிறாய்? சாப்பிட்டியே?”

நிலக்ஷன் மூத்தவன். பிரான்சுக்கென்று ஏஜென்சியோடு வெளிக்கிட்டவன். வழியில், உக்ரைனிலிருந்து ஒரே ஒரு கோல். ‘திருப்பி எடுக்கிறன் அம்மா’ என்றவன்தான். நாலு வருசம்.

“அம்மா, நான் கம்சிகா...”

அம்பிகை போனைத் தம்பியின் கையில் திணித்துவிட்டு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டா.

“அவன் இல்லை.”

மகளின் குரல் கேட்டும் ஒரு தாய் இப்படி இருப்பாளா? மார்க்கண்டு “பிறகு எடம்மா” என்று மெல்லப் போனை வைத்தார்.

அரியநாயகம் வயரைத் திருப்பிக் கொம்பியூட்டரில் கொழுவினார். அது கீச்சிட்டுக் கத்தத் தொடங்கியதும் அம்பிகை நிமிர்ந்தா.

“பிள்ளையைத் தேடுறியளே, அப்பா?”

“ஓம், தேடுறன். நீர் போய் முகத்தைக் கழுவும்.”

அவ நொண்டிக்கொண்டு உள்ளே போனா.

“ரிசீவரைக் கழட்டி வைச்சா ஓடிவந்து திருப்பி வைப்பா. இதிலை தேடுறன் எண்டாத்தான் விடுவா,” என்றார் கிழவர். “ஒவ்வொருக்காப் போன் அடிக்கேக்கையும் இந்த ஓட்டம். பிறகு ரெண்டு நாளைக்குச் சோறு தண்ணி இல்லை.”



“அதுக்காக, அத்தான்... நிலக்ஷன் உண்மையாவே எடுத்தா?”

அரியநாயகம் குசினிப் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“கூடப்போன பெடியன் ஈமெயில் போட்டிருந்தவன், மார்க்கண்டு. எங்கடை பிள்ளை இனி எடுக்கமாட்டான்.”